வீட்டில் செய்த அம்பர் செண்ட்: மணிக்கட்டைத் தாண்டி மணம் வரமாட்டேன் என்கிறது

ஈசூன்மல்லி
வெள்ளி, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக வீட்டில் செண்ட் செய்து பழகி வருகிறேன். இதுவரை செய்தவை பெரும்பாலும் பூ வாசனைகள். பிசின் மணமான அம்பர் வகையில் இப்போதுதான் கை வைத்தேன். மூன்று மாதமாக அதிலேயே நிற்கிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் பால் சாம்பிராணி போடுவார். புகை அடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு திரைச்சீலையிலும் அவர் சேலையிலும் ஒரு மணம் தங்கியிருக்கும். இனிப்பு, மரம், கொஞ்சம் தோல் வாசனை எல்லாம் சேர்ந்த மணம். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. நான் இப்போது இருப்பது புது வீடு. சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புது வீடுகளுக்குத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், கூடத்தில் சாம்பிராணி போடவே தயக்கமாக இருக்கிறது. அதனால் இந்த மணத்தைப் புட்டியில் பிடிக்க இன்னும் ஆசையாகிவிட்டது.

என் கலவை, எடைக் கணக்கில் 100 பங்குக்கு:

லாப்டனம் அப்சலூட் (ஒரு செடிப் பிசினின் அடர்த்தியான சாறு) 25
சியாம் சாம்பிராணி ரெசினாய்டு (பிசினிலிருந்து எடுத்த சாறு, பாதிக்குப் பாதி கரைசல்) 30
வனிலின் (வனிலா மணம் தரும் பொருள்) 12
ஆஸ்திரேலியச் சந்தன எண்ணெய் 10
பச்சூலி (இலை எண்ணெய்) 8
கூமரின் (உலர்ந்த புல் வாசனைப் பொருள்) 5
பெர்கமோட் (எலுமிச்சை வகைப் பழ எண்ணெய்) 5
வெட்டிவேர் 4
ஏலக்காய் எண்ணெய் 1

இதை 25 விழுக்காடு அளவில் வாசனைக்கான ஆல்கஹாலில் கலந்து ஒரு மாதம் இருட்டில் வைத்தேன்.

குறை இரண்டு. முதலாவது, மூக்கை மணிக்கட்டில் ஒட்டினால்தான் மணம் தெரிகிறது. பக்கத்து மேசைத் தோழியிடம் கேட்டேன், "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். ஆனால் மறுநாள் காலை குளிக்கும்வரை கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, பாயசப் பாத்திரத்தின் அடியில் பிடித்ததுபோல ஒரு கனத்த இனிப்பு. அம்மாவின் சேலையில் இருந்தது இது இல்லை.

வீச்சு கூட்ட லாப்டனத்தை 30 ஆக்கிப் பார்த்தேன், இன்னும் அடங்கிப்போனது. என்ன செய்யலாம்?

வேதியியல்_உட்லண்ட்ஸ்
வெள்ளி, இரவு 11.25

அக்கா, உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். 100 பங்கில் 94 பங்கு மெதுவாக ஆவியாகிறவை. பெர்கமோட்டும் ஏலக்காயும் சேர்ந்து 6 பங்குதான் மேலே ஏறக்கூடியது. லாப்டனத்தைக் கூட்டினால் அந்த 6 பங்கும் இன்னும் குறையத்தானே செய்யும்?

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தள்ளி நிற்பவர் மூக்குக்கு மணம் போக வேண்டுமென்றால் அந்த மூலக்கூறு முதலில் தோலைவிட்டுக் கிளம்ப வேண்டும். கலவையிலிருந்து ஒரு பொருள் எவ்வளவு கிளம்பும் என்பதற்கு இரண்டு கணக்கு உண்டு. தனியாக இருந்தால் அது எவ்வளவு ஆவியாகும் என்பது ஒன்று. கலவையில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னொன்று. பள்ளியில் படித்த ராவுல்ட் விதிதான். வாசனைக் கலவைகள் அதற்கு அப்படியே அடங்காது, ஆனாலும் திசை சரி. பிசின்கள் கனமானவை, ஒட்டும் தன்மை உள்ளவை. தாமும் மெதுவாகக் கிளம்பும், கூட இருப்பதையும் பிடித்து நிறுத்தும். மணம் மறுநாள் வரை நிற்பதற்கும் தோழிக்கு எட்டாததற்கும் காரணம் ஒன்றேதான்.

அடுத்தது வனிலின். அது திடப்பொருள், உருகுவதே 82 பாகை செல்சியஸ் வாக்கில்தான். தோலின் சூட்டில் கொஞ்சம்தான் ஆவியாகும். ஆனால் நம் மூக்கு அதை மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும். அதனால் 12 பங்கு போட்டால் 4 பங்கைவிட மூன்று மடங்கு மணக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. மணம் அவ்வளவு கூடாது, கனம்தான் ஏறும். உங்கள் பாயச அடி வாசனைக்கு முதல் சந்தேகம் எனக்கு இந்த 12 பங்கின் மேல்தான்.

25 விழுக்காடும் வேண்டாம். 15 முதல் 18 போதும். ஆல்கஹால் ஆறிய பிறகு தோலில் தங்கும் படலம் மெல்லியதாக இருந்தால் கலவை விரிய இடம் கிடைக்கும்.

பாசிர்ரிஸ்_துளசி
சனி, காலை 7.10

மற்றதெல்லாம் அப்புறம். தயவுசெய்து அந்தப் பெர்கமோட் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பிழிந்து எடுத்த சாதாரணப் பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டீன் என்ற பொருள் இருக்கும். தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்பளிக்கும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். தோலில் விட்டுவைக்கிற பொருள்களுக்கு அனைத்துலக வாசனைச் சங்கமான இஃப்ரா வைத்திருக்கும் வரம்பு 0.4 விழுக்காடு. உங்கள் கலவையில் 5 பங்கு, அதை 25 விழுக்காடாகக் கரைத்தால் புட்டியில் 1.25 விழுக்காடு. வரம்பைப் போல் மூன்று மடங்கு. நம் ஊர் மதிய வெயிலில், கழுத்தில் அடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றால் என்ன ஆகும்?

எனக்கு மணிக்கட்டில் அப்படி ஒரு தழும்பு வந்தது. எட்டு மாதம் மறையவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெர்காப்டீன் நீக்கியது என்று தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். மணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எலுமிச்சை வகை வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த லைம் எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. பிழிந்த லைம் எண்ணெயில் உண்டு.

அரபுத்தெரு_அத்தர்
சனி, பகல் 2.15

தங்கச்சி, நான் அத்தர் பக்கத்து ஆள். ஆல்கஹால் தொடுவதில்லை. அதனால் என் பார்வை கொஞ்சம் வேறு.

அத்தர் என்பது தள்ளி நிற்பவருக்காக இல்லை. கட்டித் தழுவுகிறவருக்கும் தொழுகையில் தோளோடு தோள் நிற்பவருக்கும்தான். கம்போங் கிளாம் கடைகளில் நல்ல அம்பர் அத்தரை எடுத்துப் பாருங்கள், ஒரு முழத்துக்கு மேல் போகாது. அதை நான் குறையாக நினைத்ததே இல்லை. உங்கள் அம்மாவின் சேலையில் இருந்த மணமும் பக்கத்தில் போனால் கிடைப்பதுதானே? வேலையிடத்துக்கு என்பதால் கேட்கிறீர்கள், அது நியாயம். ஆனால் அறை முழுக்க அடிக்கும் அளவுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது குறை. மணம் அம்மாவின் சேலை மாதிரி இல்லை என்கிறீர்கள், சாம்பிராணியோ சியாம் வகை. சியாம் சாம்பிராணி லாவோஸ் பக்கத்து மரத்தினுடையது. வனிலா சாயல் அதிலேயே உண்டு, அதன்மேல் 12 பங்கு வனிலின் வேறு போட்டிருக்கிறீர்கள். சுமத்ராச் சாம்பிராணி வேறு மரம், வேறு குணம். மலாய்க்காரர்கள் கெமெஞான் என்பார்கள். அதில் சினமிக் அமில வகைகள் அதிகம், இனிப்பு குறைவு, கொஞ்சம் காரமும் கரடும் இருக்கும். கோயிலும் தர்காவும் மணப்பது அந்தப் பக்கம். பாதியை அதற்கு மாற்றுங்கள்.

கூடவே குந்திரிக்க எண்ணெய் கொஞ்சம். பிசினிலிருந்து வடித்ததுதான், ஆனால் எளிதில் ஆவியாகும் பைனீன் என்ற பொருள் நிறைந்தது, சட்டென்று மேலே ஏறும். வீச்சுக்கு எலுமிச்சை வகையைக் கொட்டினால் அம்பருக்கு மேல் தனியாகப் பழச்சாறு மிதக்கும். குந்திரிக்கம் அப்படிப் பிரிந்து நிற்காது. இரண்டும் ஒரே குடும்பம்போல் சேர்ந்துவிடும்.

கடையில் கிடைக்கும் கட்டிச் சாம்பிராணியை ஊறவைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரித்தூளும் கலந்திருக்கும். பால் சாம்பிராணி என்று தருவதிலும் குங்கிலியம் கலந்திருக்கலாம். புகைக்கு அது பரவாயில்லை. தோலில் போடுவதற்கு ரெசினாய்டாகவே வாங்குங்கள்.

தேக்கா_புதுசு
சனி, பகல் 3.02

நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். அம்பர் என்பது திமிங்கிலத்திலிருந்து வருவதுதானே? இந்தப் பட்டியலில் அது எங்கே?

அரபுத்தெரு_அத்தர்
சனி, பகல் 3.40

நல்ல கேள்வி தம்பி. அரபியில் அன்பர் என்றால் எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து வரும் பொருள். தமிழில் ஓர்க்கோலை. சித்த மருத்துவர்கள் மீனம்பர் என்பார்கள். நகைக்கடையில் பார்க்கும் மஞ்சள் கல் வேறு, அது புதைந்து இறுகிய மரப்பிசின். செண்ட் உலகில் அம்பர் என்பது இந்த இரண்டும் இல்லை. லாப்டனம், சாம்பிராணி, வனிலா மூன்றையும் சேர்த்து உண்டாக்கிய ஒரு மணத்துக்கு வைத்த பெயர். 1874இல் வனிலினை ஆய்வகத்தில் செய்த பிறகுதான் இந்தச் சேர்க்கை வாசனை உலகில் பரவியது.

இன்னொன்று. ஊருக்குப் போனால் யாராவது "அசல் அம்பர்" என்று ஒரு கட்டியைக் காட்டுவார்கள். தொடாதீர்கள். எண்ணெய்த் திமிங்கிலம் இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

வேதியியல்_உட்லண்ட்ஸ்
சனி, இரவு 9.05

அண்ணன் சொன்ன குந்திரிக்கம் எனக்குத் தோன்றவே இல்லை, அருமையான யோசனை. ஆனால் இயற்கைப் பொருள்கள் மட்டும் போதாது என்பது என் கருத்து. மேல்மணங்கள், அதாவது முதலில் எழும் மணங்கள், நம் ஊர்ச் சூட்டில் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். அதற்குப் பிறகு மறுபடியும் பிசின் மட்டும்தான் மிஞ்சும். நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

என் பரிந்துரை ஹெடியோன் என்ற செயற்கை வாசனைப் பொருள். மல்லிகையில் இயற்கையாகச் சிறிதளவு இருக்கும் ஒரு பொருளின் நெருங்கிய உறவு. தனியாக முகர்ந்தால் "இவ்வளவுதானா" என்று இருக்கும். கலவைக்குள் போனதும் உள்ளே காற்று புகுந்ததுபோல் எல்லாம் பிரிந்து தெரியும். 1966இல் வந்த ஓ சவாஜ் என்ற செண்ட் மூலம்தான் வாசனைத் துறை முழுக்க அதன் பக்கம் திரும்பியது. 20 பங்குகூடப் போடலாம், பூ வாசனை அடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். அதோடு ஐசோ ஈ சூப்பர் 10, 12 பங்கு. மெல்லிய மர வாசனை, நல்ல பரவல்.

ஆம்ப்ராக்ஸான் உங்கள் தலைப்புக்கே உரியது. ஓர்க்கோலையின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று, இப்போது கிளாரி சேஜ் செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளாரியாலைக் கொண்டு செய்கிறார்கள். திமிங்கிலம் தேவையில்லை. தூளாக வரும். 10 விழுக்காட்டுக் கரைசலாக்கி அதில் 4 பங்கு போடுங்கள், கூட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஐசோ ஈ, ஆம்ப்ராக்ஸான் இரண்டும் சிலர் மூக்குக்குச் சரியாகத் தெரியாது. தெரிகிறவர்களுக்கும் சற்று நேரத்தில் மூக்கு மரத்துவிடும். "எனக்கே மணக்கவில்லை" என்று மேலும் மேலும் ஊற்றிவிடாதீர்கள். வீச்சை அளக்க நம் மூக்கு லாயக்கில்லை, இன்னொருவர் மூக்குதான் வேண்டும்.

பாசிர்ரிஸ்_துளசி
சனி, இரவு 9.30

சோதிக்கும் இடத்தையும் யோசியுங்கள் மல்லி. வெளியே 31, 32 பாகை, அலுவலகத்தில் 23. என் பழக்கம்: ஒரே நாளில் வீட்டுக் கூடம், புளோக் கீழ்த்தளம், குளிரூட்டிய அறை என்று மூன்று இடத்திலும் குறிப்பு எழுதுவேன். குளிரூட்டிய அறையில் பிசின்கள் அப்படியே படுத்துவிடும். உங்கள் தோழிக்கு மணக்காததில் அதற்கும் பங்குண்டு.

ஆல்கஹால் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: எம்ஆர்டி ரயிலில் எளிதில் தீப்பற்றும் திரவம் கொண்டுபோகக் கூடாது, 5,000 வெள்ளி அபராதம் என்று நிலையத்திலேயே போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள்.

ஈசூன்மல்லி
ஞாயிறு, காலை 8.50

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

துளசி அக்கா, புட்டியைப் பார்த்தேன். சாதாரணப் பிழிந்த எண்ணெய்தான். மூன்று மாதமாகப் பெரும்பாலும் மாலையில் போட்டுக்கொண்டதால் தப்பித்தேன் என்று நினைக்கிறேன். மீதியை எடுத்து ஒதுக்கிவிட்டேன்.

அத்தர் அண்ணே, "பக்கத்தில் போனால் கிடைக்கும் மணம்" என்று சொன்னது மனத்தில் நிற்கிறது. அம்மாவின் மடியில் படுத்தால்தான் அந்தச் சேலை மணக்கும். ஆனால் அவர் அறைக்குள் வந்தாலே மெலிதாக ஒன்று முன்னால் வரும். அந்த அளவு கிடைத்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஒரு முழத்துக்குப் பதில் இரண்டு, மூன்று முழம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பொருள்களுக்குச் சொல்லிவைத்துவிட்டு வருகிறேன்.

ஈசூன்மல்லி
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.20

செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முழுப் புட்டியாகக் கலக்காமல் 2 கிராம் அளவில் சின்னச் சின்னதாகச் செய்தேன். 0.001 கிராம் காட்டும் தராசு வாங்கினேன். முன்பு சொட்டுக் கணக்கு. லாப்டனத்தின் ஒரு சொட்டும் ஏலக்காயின் ஒரு சொட்டும் ஒரே எடை இல்லை என்பதை நிறுத்துப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். லாப்டனம் தேன் மாதிரி இருப்பதால் அதையும் முதலில் கரைசலாக்கிக்கொண்டேன்.

முதல் சோதனையில் மேல்மணத்தைத் தொடாமல் வனிலினை மட்டும் 12லிருந்து 4க்கு இறக்கினேன். பாயச அடி வாசனை பாதிக்கு மேல் போய்விட்டது. அதுவரை ஒளிந்திருந்த லாப்டனத்தின் தோல் வாசனை முன்னால் வந்தது. இதை முதல் மாதமே செய்திருக்கலாம்! வனிலினுக்குப் பதில் எத்தில் வனிலின் 1 பங்கும் போட்டுப் பார்த்தேன். பல மடங்கு வலுவானது, ஆனால் ஐஸ்கிரீம் பக்கம் போய்விட்டது. எடுத்துவிட்டேன்.

இரண்டாவதாகச் சாம்பிராணியைப் பாதி சுமத்ராவாக மாற்றினேன். புட்டியைத் திறந்ததும் கண் கலங்கியது. அதேதான். அண்ணே, இதை எழுதும்போதும் நெஞ்சு நிறைகிறது.

மூன்றாவதாக ஹெடியோன். உட்லண்ட்ஸ் தம்பி சொன்னது உண்மை, தனியாக ஒன்றுமே இல்லை. கலந்து மறுநாள் தாள் பட்டையில் நனைத்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வரும்போது கூடத்து வாசலிலேயே தெரிந்தது.

இப்போதிருக்கும் கலவை, 100 பங்குக்கு:

ஹெடியோன் 20
பெர்காப்டீன் நீக்கிய பெர்கமோட் 15
ஐசோ ஈ சூப்பர் 12
லாப்டனம் அப்சலூட் 10
சியாம் சாம்பிராணிக் கரைசல் 8
சுமத்ராச் சாம்பிராணிக் கரைசல் 8
சந்தனம் 6
பச்சூலி 4
வனிலின் 4
ஆம்ப்ராக்ஸான் 10 விழுக்காட்டுக் கரைசல் 4
குந்திரிக்க எண்ணெய் 3
கூமரின் 3
வெட்டிவேர் 1
ஏலக்காய் 1
இளஞ்சிவப்பு மிளகு எண்ணெய் 1

5.4 கிராம் கலவைக்கு 24.6 கிராம் ஆல்கஹால், அதாவது 18 விழுக்காடு. மூன்று வாரம் இருட்டில் வைத்தேன். முதல் வாரம் மிளகும் பெர்கமோட்டும் கூர்மையாகக் குத்தின. மூன்றாம் வாரத்தில் இழைந்துவிட்டன.

லாப்டனத்தை 25லிருந்து 10க்குக் குறைத்த பிறகுதான் லாப்டனம் நன்றாகத் தெரிகிறது. இதை நம்பவே எனக்குச் சில நாள் பிடித்தது.

போன செவ்வாய் காலை 8 மணிக்குக் கழுத்தில் ஒன்று, சட்டைக்குள் ஒன்று அடித்துக்கொண்டு போனேன். 11 மணிக்கு அதே தோழி என் மேசைப் பக்கம் வந்து, நான் கேட்காமலே, "உன் வீட்டில் இன்று பூஜையா?" என்றார். அவர் சீனர், ஊதுபத்தி மணம் தெரிந்தவர். மாலை 5 மணிக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் மணந்தது. முன்புபோல் மறுநாள் காலைவரை நிற்கவில்லை, இரவு 9 மணியோடு தோலில் அடங்கிவிட்டது. துணியில் நிற்கிறது.

இப்போது ஒரே ஒரு குறை. புட்டி கலங்கியிருக்கிறது, அடியில் மெல்லிய பொடிபோல் படிந்திருக்கிறது. ஆல்கஹாலில் தண்ணீர் எதுவும் நான் சேர்க்கவில்லை.

வேதியியல்_உட்லண்ட்ஸ்
ஞாயிறு, இரவு 7.45

அக்கா, மிக மகிழ்ச்சி. நிற்கும் நேரம் குறைந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேகமாகக் கிளம்பினால் சீக்கிரம் தீரும், இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. மதியம் ஒருமுறை அடித்துக்கொள்ளுங்கள்.

கலங்கல் சுமத்ரா ரெசினாய்டால்தான் இருக்கும். ஆல்கஹாலில் கரையாத மெழுகும் தூசியும் கொஞ்சம் வரும். புட்டியை இறுக மூடி, ஒரு உறைக்குள் போட்டு இரண்டு நாள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஆல்கஹால் ஆவி கசியக் கூடாது, மூடியை இரண்டு முறை பாருங்கள். நன்றாகப் படிந்ததும் குளிர் போவதற்குள் காப்பி வடிகட்டும் தாளில் வடியுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

அரபுத்தெரு_அத்தர்
ஞாயிறு, இரவு 8.30

"பூஜையா?" என்று கேட்டார்களே, அதற்கு மேல் என்ன வேண்டும் தங்கச்சி. அதே கலவையில் ஆல்கஹாலுக்குப் பதில் சந்தன எண்ணெய் ஊற்றி 3 மில்லி எனக்காகச் செய்து பாருங்கள். மேல்மணம் அடங்கும், அது எனக்குச் சரிதான். அந்த சுமத்ரா எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆசை.

ஈசூன்மல்லி
புதன், இரவு 10.05

வடித்துவிட்டேன். தேன் நிறத்தில் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. தாளில் தங்கியது அரைச் சிட்டிகைகூட இல்லை. மணத்தில் ஒன்றும் குறையவில்லை.

அண்ணே, உங்களுக்கு 3 மில்லி நேற்றே ஊறப் போட்டாயிற்று. அம்மா அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறார், அவருக்கும் ஒரு புட்டி எடுத்து வைத்திருக்கிறேன். எதைப் பார்த்துச் செய்தேன் என்று சொல்லாமல் கையில் கொடுக்கப் போகிறேன்.